சீட்டு மேஜையில் ஒரு ஜீவனம்

பில்லி பாக்ஸ்டர் என்னும் சீட்டாட்டக்காரர் அமெரிக்க சர்க்காரை எதிர்த்துத் தொடுத்த வருமான வரி வழக்கில், 1986-ஆம் ஆண்டு நெவாடாவிலுள்ள மத்திய ஜில்லா நியாயஸ்தலம் வழங்கிய தீர்ப்பு, போக்கர் என்னும் ஆட்டத்தின் சரித்திரத்தில் எந்தச் சாம்பியனுடைய வெற்றியையும்விட முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். 1978 முதல் 1981 வரை அவர் சீட்டாடிச் சம்பாதித்த பணத்தை, வட்டியையும் வாடகையையும் போல உழைக்காமல் வந்த வருமானமாகவே கருதவேண்டும் என்று வரி இலாகா வாதித்தது. அக்காலத்துச் சட்டப்படி உழைக்காமல் வந்த பணத்துக்கு வரி நூற்றுக்கு 70 வரை ஏறும், உழைத்துப் பெற்றதற்கோ 50-க்குமேல் ஏறாது. மேஜைமீது வைத்த பணம் தானாக எதையும் ஈன்றுவிடவில்லை, பாக்ஸ்டரின் திறமை அதனோடு சேராமற்போயிருந்தால் ஒரு காசும் வந்திராது என்று கண்ட நீதிபதி, அவர் மிகையாகச் செலுத்திய வரியைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டார். சீட்டாட்டமும் உழைப்பே என்று ஒரு நியாயஸ்தலம் ஒப்புக்கொண்ட அந்த நாளில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊரார் ஏளனத்துக்கும் போலீஸாரின் சோதனைக்கும் ஒதுங்கி வாழ்ந்த ஒரு கூட்டத்தாருக்குச் சட்டத்தின் முன் ஒரு நாற்காலி கிடைத்தது.

தீர்ப்பு நியாயமானதே. ஆனால் போக்கரை ஒரு தொழிலாக்கியது திறமை மட்டுமே என்று கொள்வதற்கு என் மனம் இடங்கொடுப்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் கோணியை விரித்து மூணுசீட்டுப் போடுகிறவனுக்கும் கைத்திறமை உண்டு; அதைத் தொழில் என்று எவரும் மதிப்பதில்லை. ஒருவன் பணம் மற்றொருவன் கைக்கு மாறுவதையன்றி வேறெந்தப் பொருளும் விளையாத ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆயுள் முழுவதும் ஜீவனம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, முதுமையில் மரியாதையோடு வாழ்ந்து மறைந்த மனிதர்கள் சிலர் இருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்கள் சீட்டை அறிந்திருந்தது மட்டுமன்று; இன்று தோற்றவன் நாளையும் நம்பிக்கையோடு அதே மேஜைக்கு வந்து அமரும்படியாக அவர்கள் நடந்துகொண்டார்கள் என்பதே. இந்த ஆட்டத்தின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் படிக்கும்போது, அது அந்த நம்பிக்கை எப்படி உண்டாயிற்று, எப்போதெல்லாம் குலைந்தது, குலைந்தபோது யார் அதை மீட்டார்கள் என்பதன் சரித்திரமாகவே எனக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில், பிரெஞ்சுக்காரர்களுடைய ‘போக்’ முதலிய பழைய ஆட்டங்களின் வாரிசாக உருவெடுத்த போக்கர், மிஸிஸிப்பி நதியில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் அவற்றில் ஏறிக்கொண்டு வடக்கே பரவியது. அன்றைய கட்டில் இருந்தவை இருபது சீட்டுகளே: நான்கு ஜாதியிலும் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நால்வர் அமர்ந்து ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டால் கட்டு தீர்ந்துபோகும். மாற்றுச் சீட்டு எடுப்பது என்பதே கிடையாது. கையில் விழுந்ததை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றுவதும், பிறர் ஏற்றியதற்கு ஈடுகொடுப்பதும், இல்லையேல் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவதுமே ஆட்டம்.

அந்தக் கப்பல்களில் நடந்தது என்ன என்பதற்கு ஜோஸப் கவல் என்னும் ஆங்கிலேய நாடக நடிகர் நல்லதொரு சாட்சியம் விட்டுச் சென்றிருக்கிறார். 1829-ஆம் ஆண்டின் கடைசியில் லூயிவில்லிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு அவர் பிரயாணம் செய்த கப்பல், வழியில் பனிமூட்டத்தில் தரைதட்டி அதிர்ந்து நின்றது. பிரயாணிகளெல்லாம் பதறிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓட, பச்சைக் கண்ணாடி அணிந்த ஒருவன் மட்டும் மேஜையைவிட்டு எழுந்திராமல், கண்ணாடியைத் துடைப்பதும் சீட்டைக் கலைப்பதுமாக உட்கார்ந்திருந்தான். அபாயம் இல்லையென்று தெரிந்து அனைவரும் திரும்பி வந்தபின் அவன் பகிர்ந்த சீட்டில் எல்லோருக்கும் அபூர்வமான கைகளே விழுந்தன. ஆளுக்கு ஆள் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். முடிவில் சீட்டுகளைத் திருப்பியபோது, தனக்கென்று அடுக்கிவைத்திருந்த வெல்ல முடியாத கையை அவன் கைப்பிசகாக ஓர் இளம் வழக்கறிஞருக்குப் போட்டுவிட்டிருந்தான் என்பது தெரியவந்தது. கப்பல் மூழ்குமோ என்று பிறர் நடுங்கிய வேளையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த அந்த மனிதனுக்கு நெஞ்சுரம், நிதானம், கைப்பழக்கம் யாவும் இருந்தன. இல்லாதிருந்தது நாணயம் ஒன்றுதான். அந்த ஒரு குறையால் அவன் துறைக்குத் துறை, கப்பலுக்குக் கப்பல் மாறிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

நதிக்கரை ஊர்கள் அவனைப் போன்றவர்களை நெடுநாள் பொறுத்திருக்கவில்லை. 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரத்து ஜனங்கள் திரண்டெழுந்து ஐந்து சூதாடிகளை விசாரணையின்றியே தூக்கிலிட்டார்கள். அதுவும் நியாயமென்று நான் சொல்லமாட்டேன். ஜார்ஜ் டெவோல் என்பவர் நாற்பது ஆண்டுகள் நதியில் தாம் நடத்திய மூணுசீட்டு மோசடிகளையும் போக்கர் மோசடிகளையும் 1887-ல் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். மேற்குத் திசையில் பொன் தேடிப் போனவர்களோடு ஆட்டமும் போயிற்று. 1876 ஆகஸ்ட் 2-ஆம் தேதி டெட்வுட் என்னும் சுரங்க ஊரில், சீட்டுக் கையோடு அமர்ந்திருந்த ‘ஒயில்ட் பில்’ ஹிக்காக் பின்னாலிருந்து சுடப்பட்டு மாண்டதை அமெரிக்கச் சினிமா பலமுறை சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே அதை விரிக்கவேண்டியதில்லை.

சினிமா கவனியாத ஒரு மாறுதல் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. அந்த மாகாணத்துச் சட்டம் 1885-ல் தடைசெய்யப்பட்ட சூதுகளின் பட்டியலில் ‘ஸ்டட் ஹார்ஸ் போக்கர்’ என்ற ஒருவகையைச் சேர்த்ததேயன்றி, சீட்டை மாற்றியெடுத்து ஆடும் ‘டிரா’ வகையைப் பெயர் குறிப்பிடவில்லை. அந்த வகை தடைக்கு உட்பட்டதன்று என்று 1911-ல் மாகாண அட்டர்னி ஜெனரலும் அபிப்பிராயம் கூறிவிட்டார். அந்தச் சந்தில் நுழைந்து, 1936 முதல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கேயுள்ள கார்டினா என்னும் சிற்றூரில் சீட்டு மன்றங்கள் தோன்றின. நம் ஊர் மனமகிழ் மன்றங்களை அறிந்தவர்களுக்கு அவற்றின் ஏற்பாடு உடனே விளங்கும். மன்றத்தார் ஆடுவதில்லை, அரைமணிக்கு இவ்வளவு என்று நாற்காலிக்கு வாடகை வாங்கிக்கொண்டு, மேஜையும் சீட்டும் வெளிச்சமும் ஒழுங்கும் அளிப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. சக்கரம் சுழலும் சூதாட்டச் சாலையில் முதலாளி எப்போதும் ஆட்டக்காரனுக்கு எதிரி. இங்கேயோ யார் வென்றாலும் யார் தோற்றாலும் அவருக்கு ஒன்றே, வந்தவர்கள் நாளைக்கும் வரவேண்டும் என்பது ஒன்றே அவர் கவலை. ஆகையால் கட்டை அடுக்குகிறவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதில், நதிக்கப்பல் மாலுமிக்கு இல்லாத அக்கறை கார்டினா மன்றத்தாருக்கு இருந்தது. இந்த ஆட்டம் ஒழுங்குக்கு வந்ததற்கு உபதேசத்தைக் காட்டிலும் இந்த வாடகை ஏற்பாடு அதிகம் உதவியது என்றே நினைக்கிறேன்.

இதற்குள் டெக்ஸாஸ் மாகாணத்தில் வேறொரு வகை தழைத்துவிட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகவும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் திறந்தும் போடப்பட, அந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ளும் ‘டெக்ஸாஸ் ஹோல்டெம்’ என்னும் அந்த வகைக்கு ராப்ஸ்டவுன் என்னும் ஊரே பிறப்பிடம் என்று டெக்ஸாஸ் சட்டசபை 2007-ல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அந்த மாகாணத்தில் பணம் வைத்தாடுவது சட்டவிரோதம். ஆதலால் ஆட்டம் பின்கட்டுகளிலும் ஹோட்டல் அறைகளிலும் நடந்தது; அதைத் தேடி ஊரூராகக் காரில் அலைந்து ஜீவித்தவர்களை வழிப்போக்குச் சூதாடிகள் என்றே அழைத்தார்கள்.

அவர்களில் தலைசிறந்தவர் டாய்ல் புருன்ஸன். 1933-ல் லாங்வொர்த் என்னும் குக்கிராமத்தில் பிறந்து, ஓட்டத்திலும் கூடைப்பந்திலும் பேர்பெற்று, தொழில்முறைக் கூடைப்பந்துக் குழுவினரின் கண்ணிலும் பட்டிருந்த அந்த இளைஞர், விடுமுறையில் வேலை பார்த்த ஆலையில் சுவர்ப்பலகைச் சுமை சரிந்து காலின்மீது விழுந்து எலும்பு முறிந்ததால் விளையாட்டைக் கைவிட்டார். கல்வி நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றும், பள்ளிக்கூடச் சம்பளம் போதாதென்று அலுவலக இயந்திரங்கள் விற்கும் உத்தியோகத்தில் சேர்ந்தார்; சேர்ந்த புதிதில் வியாபாரத்துக்காகச் சென்ற இடத்தில் ஒரு போக்கர் ஆட்டத்தில் அமர்ந்து, ஒரு மாதச் சம்பளத்துக்கும் அதிகமாக வென்று எழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் தேர்ந்துகொண்ட வாழ்க்கை சுகமானதன்று. போர்ட் வொர்த் நகரத்து எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் ஆடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்தவன் சுட்டுக்கொல்லப்பட்டதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பது, அதில் வெல்வது, வென்றதை வசூலிப்பது, வசூலித்ததைக் கொள்ளைக்காரர்களிடமும் போலீஸாரிடமும் பறிகொடாமல் வீடு சேர்ப்பது என்ற நான்கு காரியங்களில், வெல்வதுதான் மிகச் சுலபமானது என்று சொல்லும்படியான காலம் அது.

புருன்ஸனும், அமரில்லோ ஸ்லிம் என்று பிரசித்தி பெற்ற ஒல்லியான நெட்டை மனிதரும், ஸெய்லர் ராபர்ட்ஸும் ஆகிய மூவரும் பல ஆண்டுகள் ஒரே கைமுதலை வைத்துக்கொண்டு சேர்ந்து அலைந்தார்கள். ஒருவர் வென்றால் மூவர் பணம். ஒருவர் தோற்றாலும் மூவர் பணம். ஆட்டம் முடிந்து நள்ளிரவில் திரும்புகிறவர் எத்தனை வென்றேன் என்று சொல்கிறாரோ அதுவே கணக்கு. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. லாஸ் வேகாஸுக்கு முதன்முதல் சென்றபோது பொதுக் கைமுதல் முழுவதையும் தோற்றுவிட்டு அவர்கள் கூட்டைக் கலைத்துக்கொண்டார்கள். ஆனால் சிநேகம் கலையவில்லை. வெளியுலகத்தில் சட்டம் காப்பாற்றுகிற உடன்படிக்கைகளை, சட்டத்துக்கு வெளியே வாழ்ந்த இம்மனிதர்கள் சொல்லை மாத்திரம் நம்பிக் காப்பாற்றினார்கள். ஏமாற்றியவன்மீது வழக்குப் போட முடியாத ஒரு தொழிலில், ஏமாற்றியவனோடு மறுபடி எவரும் ஆடமாட்டார்கள் என்பதே தண்டனை. அந்தத் தண்டனை சிறைவாசத்தைவிடக் கடுமையாகவே வேலை செய்தது.

நெவாடா மாகாணம் 1931-லேயே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியிருந்தது. டல்லாஸில் கள்ளச் சூதாட்டத் தொழிலில் செழித்து, கொலைக்குற்றமும் சுமந்து, 1946-ல் அங்கே அதிகாரிகள் மாறியதும் லாஸ் வேகாஸுக்கு இடம்பெயர்ந்த பென்னி பினியன், 1951-ல் ஃப்ரீமான்ட் தெருவில் ‘ஹார்ஸ்ஷூ’ என்னும் சூதாட்டச் சாலையைத் திறந்தார். நற்குணசீலர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டக்காரர்களை நன்கு அறிந்தவர். ரீனோ நகரில் 1969-ல் டெக்ஸாஸ் சூதாடிகளின் சந்திப்பு ஒன்று நடந்ததைப் பார்த்து, மறுஆண்டே தம் சாலைக்கு அவர்களை வரவழைத்து, போக்கரின் உலகப் போட்டி என்று அதற்குப் பெயரும் வைத்தார். அந்த முதல் ஆண்டில் வெற்றி தோல்வி கணக்கு வைக்கவில்லை. கூடியிருந்தவர்களே வாக்களித்து, முதியவரான ஜானி மாஸைத் தலைசிறந்தவராகத் தெரிந்தெடுத்தார்கள். 1971 முதல்தான், எல்லாச் சில்லுகளும் ஒருவரிடம் சேரும்வரை ஆடும் முறை வந்தது.

1972-ஆம் ஆண்டுப் போட்டியில் நடந்த ஒரு காரியத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முடிவில் புருன்ஸன், பகி பியர்ஸன், அமரில்லோ ஸ்லிம் ஆகிய மூவர் மிஞ்சியிருந்தனர். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள். வென்றால் பெயரும் படமும் தேசம் முழுவதும் வெளிவரும் என்று கண்ட புருன்ஸன், தாம் என்ன தொழில் செய்கிறோம் என்பது சொந்த ஊராருக்குத் தெரிந்துவிடுமே என்று கூசி, உடல்நலம் சரியில்லையென்று சொல்லித் தம் பங்கை வாங்கிக்கொண்டு விலகினார். பட்டம் ஸ்லிமுக்குப் போயிற்று. விளம்பரத்துக்குக் கூச்சமே அறியாத அவரும் தொலைக்காட்சிகளில் தோன்றி அந்த ஆட்டத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். தம் கலையில் உச்சியை அடைந்த ஒருவர், அந்த உச்சியில் பிறர் தம்மைப் பார்த்துவிடக்கூடாதே என்று இறங்கிவந்தது போன்ற நிகழ்ச்சி வேறெந்தக் கலையின் சரித்திரத்திலும் எளிதில் அகப்படாது. அந்தக் கூச்சத்தை நான் இழிவாகக் கருதவில்லை. தம் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை மறவாத மனிதருக்கே அது உண்டாகும்.

அவர் கூச்சம் நீங்கி 1976-லும் 1977-லும் அடுத்தடுத்து வென்றபோது, இரண்டு ஆண்டும் கடைசிக் கையில் அவரிடம் இருந்தவை பத்தும் இரண்டும். உதவாத கைகளில் அதுவும் ஒன்று. 1976-ல் எதிராளி ஜெஸ்ஸி ஆல்டோவிடம் ஆஸும் ஜாக்கியும். நடுவில் முதலில் விழுந்த மூன்று சீட்டு ஆஸ், ஜாக்கி, பத்து. ஆல்டோவுக்கு இரண்டு பெரிய ஜோடிகள். புருன்ஸனுக்கோ பத்துகளின் ஒரே ஜோடி. அடுத்த சீட்டு இரண்டு. அப்போதும் அவர் பின்தங்கியே இருந்தார். கட்டில் மிஞ்சியிருந்த இரண்டு பத்துகளும் இரண்டு ‘இரண்டு’களும் தவிர வேறெந்தச் சீட்டும் அவரைக் காப்பாற்றாது. கடைசிச் சீட்டு பத்து. மறுஆண்டும் கடைசிச் சீட்டு பத்தாகவே விழுந்தது. 22 பேர் ஆளுக்குப் பதினாயிரம் டாலர் கட்டிய பணம் 2,20,000 டாலரும், 34 பேர் கட்டிய 3,40,000 டாலரும் முழுவதும் அவருடையதாயின. திறமைக்கே இலக்கணமாக விளங்கிய ஒருவர் பேர்பெற்றது அதிர்ஷ்டம் தூக்கிவிட்ட இரண்டு கைகளால் என்பதில் முரண் ஏதுமில்லை: ஒரு கை எவருக்கும் சொந்தமன்று, பதினாயிரம் கைகள் ஆடிய பிறகே ஆட்டக்காரனின் தகுதி தெரியவரும். தெரியவரும்வரையில் கைமுதல் கரையாமல் காத்துக்கொள்வதுதான் இத்தொழிலின் பாதி வித்தை.

இத்தொழிலின் வித்தையை 1970-களின் இறுதியில் புருன்ஸன் ஒரு பெரும் புத்தகமாக வெளியிட்டு நூறு டாலர் விலை வைத்தபோது, சக ஆட்டக்காரர்கள் வீட்டைத் திறந்து காட்டிவிட்டாரே என்று வருந்தினார்கள். ஆனால் அதன் மூலத் தத்துவம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவரால் கண்டறியப்பட்டிருந்தது. ஜான் வான் நியூமன் என்னும் கணித சாஸ்திரி 1928-ல் எழுதிய கட்டுரையிலும், 1944-ல் மார்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய நூலிலும், கையில் ஒன்றுமில்லாதபோது இருப்பதுபோலப் பந்தயம் ஏற்றுவது குணதோஷமன்று, கணிதத்தின் கட்டாயம் என்று நிரூபித்தார். நல்ல கை வந்தபோது மட்டுமே பந்தயம் ஏற்றுகிறவனுக்கு எவரும் ஈடுகொடுக்கமாட்டார்கள். ஆகவே சில வேளைகளில் மிக மட்டமான கையோடும் துணிந்து ஏற்றியே ஆகவேண்டும். விதிக்குள் நின்று எல்லோரும் அறிந்து செய்யும் இந்தப் பொய்யும், பச்சைக் கண்ணாடிக்காரன் கட்டை அடுக்கியதும் ஒன்றல்ல என்பதை வெளியே நின்று போக்கரைப் பழிப்பவர்கள் கவனிப்பதில்லை.

திறமை மட்டும் போதாது என்பதற்கு ஸ்டூ உங்கரின் வாழ்க்கையைவிடச் சோகமான உதாரணம் இல்லை. நியூயார்க்கில் பிறந்து, ஜின் ரம்மியில் எதிரியே இல்லாமல் செய்துவிட்டு, 1980-ல் புருன்ஸனையே இறுதி ஆட்டத்தில் வென்று, 1981-லும் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட அந்தச் சிறிய உருவத்து மேதை, போதைப் பழக்கத்திலும் குதிரைப் பந்தயத்திலும் எல்லாவற்றையும் இழந்தார். 1997-ல் போட்டிக்குக் கட்டவேண்டிய பதினாயிரம் டாலர்கூட அவரிடம் இல்லை. வரி வழக்கில் வென்ற அதே பில்லி பாக்ஸ்டர் அதைக் கட்டினார். உங்கர் மூன்றாம் முறை வென்று பத்து லட்சம் டாலர் பெற்றார். பேசியபடி சரிபாதி பாக்ஸ்டருக்குச் சேர்ந்தது. மறுஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸின் மலிவான விடுதி அறை ஒன்றில் உங்கர் பிணமாகக் கிடந்தார். வயது 45. தம்மையே காப்பாற்றிக்கொள்ள இயலாத அந்த மனிதர்கூடக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினார் என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன்.

பிறகு வந்த மாறுதல்கள் வேகமானவை. போலந்தில் பிறந்து, நாஜிகளின் வதைமுகாமில் விஞ்ஞானியென்று பொய்யாகப் பதிவு செய்துகொண்டு உயிர்தப்பி, அமெரிக்காவில் பொம்மை வியாபாரத்தில் செல்வரான ஹென்றி ஓரன்ஸ்டைன், மறைவுச் சீட்டை மேஜையின் விளிம்பிலிருந்து படம்பிடிக்கும் முறைக்கு 1995-ல் காப்புரிமை பெற்றார். 2003-ல் டென்னஸி மாகாணத்துக் கணக்கர் கிரிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி வென்ற அனுமதிச் சீட்டைக்கொண்டு உலகப் போட்டியில் நுழைந்து, இறுதியில் ஸாம் ஃபார்ஹா என்னும் தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிராக, ஒரு ஜோடிகூட இல்லாத ராஜா–ஏழு கையை வைத்துக்கொண்டு சில்லுகள் அனைத்தையும் நடுவில் தள்ளி, ஒன்பதுகளின் ஜோடி வைத்திருந்த அவரைச் சீட்டைக் கவிழ்க்கச் செய்தார். மறைவுச் சீட்டைக் காட்டும் கருவி இருந்ததால் அதைத் தேசமே பார்த்தது. அவ்வாண்டு 839 பேர் ஆடிய போட்டியில் 2006-ல் 8,773 பேர் ஆடினார்கள்.

கூட்டம் பெருகியதும் நதிக்கப்பல் காலத்து வியாதி திரும்பியது. 2007-ல் ‘அப்சல்யூட் போக்கர்’ என்னும் இணையதளத்தில் ஒருவர் நம்ப முடியாதபடி வென்றுகொண்டிருந்ததைக் கண்டு, தோற்றவர்களில் ஒருவர் ஆட்டக் குறிப்புகளைக் கேட்டு எழுத, நிறுவனத்தார் தவறுதலாக எல்லோருடைய மறைவுச் சீட்டுகளும் அடங்கிய முழுக் கோப்பையே அனுப்பிவிட்டார்கள். அதை ஆட்டக்காரர்கள் இரவு பகலாகக் கூடி ஆராய்ந்தபோது, மேஜையில் ஆடாமல் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு கணக்கு, எல்லோருடைய சீட்டையும் அறிந்து அந்த ஒருவருக்கு உதவியது என்று துலங்கியது. கண்டுபிடித்தது போலீஸாரோ அதிகாரிகளோ அல்லர், அந்தச் சீட்டாட்டக்காரர்களே. 2011 ஏப்ரல் 15-ஆம் தேதி அமெரிக்க சர்க்கார் பெரிய இணையதளங்களை முடக்கியபோது, ‘ஃபுல் டில்ட்’ ஆட்டக்காரர்கள் ஒப்படைத்த பணத்தைத் தனியாக வைத்திராமல் செலவழித்துவிட்டது அம்பலமாயிற்று. பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர்கள் அதன் பங்குதாரர்களாக இருந்தார்கள் என்பதே இத்தொழிலுக்கு நேர்ந்த பெரிய இழுக்கு.

இப்போது கவலை கணினியைப் பற்றியது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் சர்வகலாசாலையின் ‘லிப்ராட்டஸ்’ என்னும் நிரல், நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை இருபது நாட்களில் 1,20,000 கைகள் ஆடித் தோற்கடித்தது. வீட்டில் கணினியோடு பயிற்சி செய்து வருவதை நான் குறைகூறவில்லை, அது படிப்பு. மேஜையில் அமர்ந்திருக்கும்போது அதன் யோசனையைக் கேட்பது பச்சைக் கண்ணாடிக்காரன் செய்ததே. 2024-ல் உலகப் போட்டியின் இறுதி மேஜைக்கு அருகில் நண்பர்கள் மடிக்கணினியைத் திறந்துவைத்து ஆட்டக்காரர் ஒருவரோடு கலந்து பேசியது பெரும் சர்ச்சையானது, அந்த எல்லைக்கோட்டை வரையாமல் விட்டதனாலேயே.

நம் தேசத்திலும் இந்த விவகாரம் நியாயஸ்தலம் ஏறியிருக்கிறது. போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட ஆட்டங்களென்று பட்டியலிட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின் அட்டவணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. 2025-ல் மத்திய சர்க்கார், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பாராட்டாமல், இணையத்தில் பணம் வைத்தாடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துவிட்டது. திறமை உண்டா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது என்பதால், பின்னைய சட்டம் வேறொரு கேள்வியைக் கேட்டது சரியென்றே எண்ணுகிறேன்: தோற்பவன் யார், அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா? வெல்பவனுடைய திறமை எத்துணை உயர்ந்ததாயினும், அவனுடைய ஜீவனம் தோற்பவனுடைய பணமே. மன்றத்தாரின் வாடகை போக, ஆடுபவர் அனைவரும் சேர்ந்து நஷ்டமடையும் ஆட்டம் இது. மேஜையில் முகம் பார்த்து ஆடிய காலத்தில், எதிரே இருப்பவன் தாங்க முடியாததை இழக்கிறான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது; எழுந்து போ என்று சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள். கைபேசித் திரையில் அந்த முகம் தெரிவதில்லை.

இத்தொழிலை முகம் பார்த்து நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. 2006-ல் உலகப் போட்டியில் ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் வென்றவர், அதில் பாதி தருவதாக வாய்மொழியாகச் சொன்னார் என்று மற்றொருவர் வழக்குத் தொடுத்து, அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. உங்கரும் பாக்ஸ்டரும் கைகுலுக்கிப் பிரிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்று பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்களில் பலர் பிறர் முதலில் ஆடுகிறவர்கள். ஒருவர் கைமுதலில் எதிரே அமர்ந்திருப்பவருக்கே பங்கிருக்கலாம். அது மூன்றாமவருக்குத் தெரிவதில்லை. மூவர் நம்பிக்கையில் நடந்தது ஆயிரக்கணக்கானோர் கூடுமிடத்தில் நடவாது. ஆகையால் எவருடைய முதலில் எவருக்கு எத்தனை பங்கு என்பதை, ஆட்டம் தொடங்குமுன் எழுதிவாங்கி எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவைக்கவேண்டும். அப்படிச் செய்யாத போட்டியில் பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர்கள் பணம் கட்டி அமரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.